மாடிக்கு விட்ட கம்பி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இடத்தில் தூண் கம்பிகள் மூன்றடிக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. "பின்னாடி மாடி எடுக்கணும்னா வேணும்" என்று அப்பா கொத்தனாரிடம் சொல்லி விட்டது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் பல வீடுகள் இப்படித்தான் தலையில் கம்பியோடு நிற்கும். சிலர் துரு ஏறாமலிருக்க சிமென்ட் பால் பூசியிருப்பார்கள். சிலர் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மாடிதான் வராது. மாடியில் குடியிருக்க வேண்டிய பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் வரவில்லை. ஒரு மூலைக் கம்பியில் அம்மா துணிக்கொடி கட்டினாள். எதிர் மூலையில் நான் ஒரு ஜி.ஐ. குழாயை நிறுத்தி ஆன்டெனாக் கம்பமாக்கினேன். அப்பா விட்ட கம்பிக்கு இருபது வருஷம் கழித்து வந்த வேலை இந்த இரண்டும்தான்.

அமெச்சூர் ரேடியோவில், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுகிற ஹாம் ரேடியோவில், புதிதாக இறங்குகிற பையன்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எந்த செட்டு வாங்குனா பின்னாடி அப்கிரேடு பண்ணலாம்?" என்பதுதான். அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிகள் ஞாபகத்துக்கு வரும். எதிர்காலத்துக்கு இடம் விடுவது நல்ல விஷயம். ஆனால் எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்பதில் நான் நிறைய காசு கரைத்திருக்கிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரில் அவருக்குப் பெயரே தந்தி சார்தான். 2013 ஜூலையில் நாடு முழுக்கத் தந்தி சேவையை நிறுத்தியபோது, வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அவர் வீட்டம்மா சொல்வார். 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் அந்தமானில் நிலையம் போட்டிருந்ததையும், போன் எல்லாம் செத்த நேரத்தில் அவருடைய ரேடியோ வழியாகத் தகவல் வெளியே போனதையும் தந்தி சார்தான் எனக்குச் சொன்னார். நாகப்பட்டினம் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்த டிசம்பரைப் பற்றி வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதை எனக்குப் புதிது.

நான் பரீட்சை எழுதி வாங்கியது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ். VU3 என்று தொடங்கும் கால்சைனை, அதாவது வானலையில் நம் அடையாளப் பெயரை, வியூ த்ரீ என்று சொல்வோம். அடுத்த படி ஜெனரல் கிரேடு, வியூ டூ. அதற்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு தெரிந்திருக்க வேண்டும். வாட்டு வரம்பும் ஏறும்: ரெஸ்ட்ரிக்டடுக்கு 50 வாட், ஜெனரலுக்கு 400 வாட். ஆக, அப்கிரேடு என்பது பெட்டிக்கு மட்டும் வருவதில்லை, ஆளுக்கும் வரும். தந்தி சார் அன்றைக்கே சொன்னார்: "செட்டுல மோர்ஸ் கீக்கு ஒரு ஜாக் வெச்சுரு தம்பி. ஓட்டையப் பாக்கிறப்பல்லாம் படிக்கலையேன்னு உறுத்தும்." ஆறு வருஷம் உறுத்தியது.

2017இல் பிட்எக்ஸ்-40 என்ற, பேசவும் கேட்கவும் ஆகிற ரேடியோ போர்டை வாங்கினேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், கால்சைன் வியூ டூ ஈ எஸ் ஈ, வடிவமைத்த பரம்பரை அது. அவருடைய முதல் பிட்எக்ஸ் இந்தியாவில் எந்த டவுனிலும் கிடைக்கிற பாகங்களை வைத்தே கட்டும்படி இருந்தது. காயில் சுற்றுவதற்கென்றே விற்கிற வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற நைலான் வாஷரில் சுற்றிக்கொள்ளலாம். பிட்எக்ஸ்-40 அதற்குப் பின்னால் வந்தது. போர்டு பாகங்கள் வைத்தே வந்தது. 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டு, அதாவது அந்த அலைவரிசை மட்டும், ஏழு வாட் சுமார். பெட்டி, மைக், வால்யூம், ஏரியல், பவர் எல்லாம் நம் பாடு.

அந்த போர்டைப் பார்த்தாலே தெரியும், செய்தவர் பின்னால் வருகிறவனை மனசில் வைத்திருக்கிறார் என்று. கடைசிக் கட்டமான பவர் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் பவர் தனி வழியில் போகும். மற்றதெல்லாம் 12 வோல்ட்டில் ஓட, இதற்கு மட்டும் 24 வோல்ட் கொடுத்து, சூட்டை இழுத்து வெளியே விடுகிற ஹீட் சிங்கைப் பெரிதாக்கினால் ஏழு வாட் இருபதாகும். டிஜிட்டல் டயலான ராடுயினோவில், ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டின் சில கால்களை எதற்கும் பயன்படுத்தாமல் வெளியே எடுத்து வைத்திருப்பார்கள். அங்கே என்ன செய்யலாம் என்பது வாங்கியவன் இஷ்டம்.

நான்தான் அப்படி யோசிக்கவில்லை. முதல் பெட்டியை போர்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வாங்கினேன். போர்டு உள்ளே போனது, மூடி மூடியது, ஒரே சந்தோஷம். டிஸ்ப்ளே ஒயரை ஸ்பீக்கர் ஒயரோடு நெருக்கி மடித்துத் திணித்ததில் டயலைத் திருகும்போதெல்லாம் காதில் டிக் டிக்கென்று ஈசல் விழுகிற சத்தம். பிரித்து வைக்க உள்ளே இடமில்லை. வால்யூம் கன்ட்ரோலை நகர்த்தலாமென்று சால்டர் அயர்னை வைத்தால் முனை பக்கத்து ஒயரின் தோலைச் சுட்டது. பார்த்துக்கொண்டிருந்த தந்தி சார் சிரித்துவிட்டார். "தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டை எடுத்தா ஒரு சைஸ் பெருசா எடுப்போமா மாட்டோமா?"

இரண்டாவது பெட்டி ஸ்டெபிலைசர் கேபினெட். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே, அதே தகரப் பெட்டி. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் காலியாகவும் விற்பார்கள். உள்ளே இன்னொரு போர்டு வைக்க இடமிருக்கும். காற்றோட்டத்துக்குப் பிளவுகள் இருக்கும், தகரமாகையால் வெளி இரைச்சலையும் ஓரளவு தடுக்கும். இதில் எதிர்த்திசையில் தப்பு செய்தேன். முன்பக்கத்தில் ஒன்பது ஓட்டை போட்டேன். இது சிக்னல் பலம் காட்டுகிற எஸ் மீட்டருக்கு, இது நாய்ஸ் ஃபில்டருக்கு, இது இரண்டாவது பேண்டுக்கு. அதில் நாலு ஓட்டையில் இன்றைக்கும் ரப்பர் அடைப்புதான். ஒன்றில் ஒரு தடவை குளவி கூடு கட்டியது.

ஓட்டையை முன்கூட்டிப் போட வேண்டியதில்லை. முன்தகட்டைத் தனியாகக் கழற்ற முடிந்தால் போதும். நாலு ஸ்குரூவைக் கழற்றி, தகட்டை வெளியே கொண்டுபோய் துளைத்துவிட்டு வந்து மாட்டலாம். போர்டு உள்ளே இருக்கும்போது டிரில் போட்டால் விழுகிற உலோகத் தூள் எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. தகடு கழன்று வர வேண்டுமென்றால் ஒயர்கள் போர்டில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கக் கூடாது, பிடுங்கி மாட்டுகிற கனெக்டரில் வர வேண்டும், ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். இன்னொன்று, மூடியின் உள்பக்கம் ஒரு தாளில் எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் நீங்களாகவே இருந்தாலும் அவர் வேறு ஆள்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிய புயல் எங்கள் ஊரை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை எழுத இது இடமில்லை. தாத்தா வைத்த தென்னைகள் இரண்டுக்கு நடுவேதான் என் டைப்போல் ஏரியல் இருந்தது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது மீட்டர் ஒயர். காலையில் பார்த்தபோது தென்னையும் இல்லை, ஒயரும் இல்லை. கரண்டு இல்லை, செல்போன் டவர் இல்லை. மீடியம் வேவில் திருச்சி வானொலி மட்டும் 936இல் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் அறுந்த ஒயரைத் தேடியெடுத்து முடிச்சுப் போட்டேன். ஒரு முனையை மாடிக் கம்பியிலும் மறு முனையை முறிந்த வேப்பமரத்தின் கிளையிலும் கட்டினேன். நடு ஒயர் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. அவ்வளவு தாழ்வாக இருந்தால் அலை கிட்டத்தட்ட நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் விழும். வெளிநாட்டுக்குப் பேச உதவாது. பெங்களூருக்கும் சென்னைக்கும் அதுதான் சௌகரியம்.

டிராக்டர் பாட்டரியைக் கழற்றித் திண்ணையில் வைத்து, அறைக்குள் ஒயர் இழுத்தேன். கேட்கிறது, தெளிவாகக் கேட்கிறது. மைக் பட்டனை அமுக்கினால் டிஸ்ப்ளே அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்று தடவை. பாட்டரி செத்துவிட்டதோ என்று டெஸ்டரை வைத்தால் பாட்டரி முனையில் 12.3 வோல்ட். செட்டுக்குப் பின்னால் அமுக்கும்போது பத்துக்கும் கீழே. காலிங் பெல்லுக்குப் போடுகிற மெல்லிய ஒயர், அதுவும் மூன்று துண்டைக் கையால் முறுக்கிச் சேர்த்தது. கேட்கும்போது கால் ஆம்பியர், பேசும்போது இரண்டு ஆம்பியர், அந்த வித்தியாசத்தை ஒயர் தாங்கவில்லை. கடைசியில் போர்செட் சப்மெர்சிபிள் மோட்டார் ஒயரில் மிச்சம் கிடந்த துண்டை எடுத்து இழுத்தேன். அந்தத் தட்டை ஒயர் முறுக்கேறி அடங்காமல் நிலைப்படியில் பாம்பு மாதிரி கிடந்தது. பட்டனை அமுக்கினேன், டிஸ்ப்ளே அசையவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு நிலையம் பதில் கொடுத்தது. திருப்பூரில் இருக்கும் அக்காவின் நம்பரைச் சொல்லி, "எல்லாரும் நல்லா இருக்கோம், கொல்லை மரம்தான் போச்சு" என்று சொல்லச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்தார். "உங்க சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அழறாங்க. அம்மா மாத்திரை இருக்கான்னு கேக்கறாங்க." அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாத்திரை இருந்தது. அன்றைக்குத் தெருவில் இருந்து பதினொரு வீட்டுக்காரர்கள் நம்பர் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

ஏழு வாட்டில் நடந்த காரியம் அது. பற்றாக்குறை வந்தது ஒயரில்தான், வாட்டில் இல்லை.

அதற்குப் பிறகு ஒயர் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பாட்டரியிலிருந்து மேஜைக்கு ஐந்து மீட்டர் என்றால் போகவர பத்து மீட்டர். 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் பத்து மீட்டருக்கு 0.18 ஓம் தடை. இரண்டு ஆம்பியர் இழுக்கும் சின்ன செட்டுக்கு 0.36 வோல்ட் போகும், பரவாயில்லை. நாளைக்கு 100 வாட் செட் வந்தால் இருபது ஆம்பியர் இழுக்கும். அப்போது 3.6 வோல்ட் ஒயரிலேயே தின்றுவிடும், 12.6 வோல்ட் பாட்டரி செட்டுக்கு வந்து சேரும்போது ஒன்பது வோல்ட். அதே இடத்தில் 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் போவது 0.6 வோல்ட்தான். சுவரில் பதிக்கிற ஒயரை ஒரு தடவைதான் பதிப்போம். 6 போட்டேன். இன்றைய செட்டுக்கு அது யானைக்குப் போடுகிற சங்கிலிதான், தெரிந்தேதான் போட்டேன்.

அந்த உற்சாகத்தில்தான் அடுத்த முட்டாள்தனம்.

கஜாவுக்குப் பிறகு இருபது வாட் ஆக்க வேண்டும் என்று ஒரு வெறி. எதிர்முனையில் எஸ் மீட்டர் ஒரு எண் ஏற வேண்டுமென்றால் வாட்டு நாலு மடங்கு ஏற வேண்டும். ஏழிலிருந்து இருபதுக்குப் போனால் ஒரு எண்கூட முழுதாக ஏறாது. இது எனக்குத் தெரியும், பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் 24 வோல்ட் என்று போர்டிலேயே வழி விட்டிருக்கிறார்களே, விடுவானேன்?

யு.பி.எஸ்.ஸில் போடுகிற 7 ஆம்பியர்-ஹவர் பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்தேன். கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரான ஐ.ஆர்.எஃப். 510ஐ ஒரு பெரிய அலுமினிய ஹீட் சிங்கில் ஏற்றி, ஹீட் சிங்கைப் பெட்டியோடு முடுக்கினேன். அந்த டிரான்சிஸ்டரின் உலோக முதுகு சும்மா உலோகமில்லை. அதன் டிரெய்ன் கால் அதோடு சேர்ந்தது, பவர் முழுக்க அங்கே நிற்கும். அதனால் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே கரண்டைக் கடத்தாத மைக்கா ஏடு ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு ஷார்ட் ஆகும். வைத்தேன். ஆனால் நான் துளைத்த ஓட்டையின் விளிம்பில் முள் மாதிரி ஒரு பிசிறு நின்றிருக்கிறது. ஸ்குரூவை இறுக்க இறுக்க அது மைக்காவைக் குத்திக்கொண்டே போயிருக்கிறது. நகத்தால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஸ்விட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. முதலில் வாசனைதான் வந்தது, மோட்டார் காயில் கருகுகிற அதே எனாமல் வாசனை. பிறகு போர்டிலிருந்து ஒரு நூல் புகை. நான் ஸ்விட்சை அணைப்பதற்குள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று கறுத்து, பக்கத்துத் தாமிரப் பாதை போர்டிலிருந்து உரிந்து நிமிர்ந்திருந்தது.

ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் கம்பி புத்தம்புதுசாக மின்னியது. இருபது ஆம்பியர் ஃபியூஸ். "பின்னாடி பெரிய செட்டு வருமே" என்று போட்டது.

இதை யாரிடமும் ஒரு மாதம் சொல்லவில்லை. தந்தி சாரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒயர் நாளைக்குத் தம்பி. ஃபியூஸ் இன்னைக்கு" என்றார்.

இப்போது என் பாட்டரி பக்கத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, அது 6 ஸ்கொயர் ஒயரைக் காப்பாற்ற. மேஜைப் பக்கம் ஒரு சின்னப் பெட்டியில் நாலு கிளை, ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஃபியூஸ். பிட்எக்ஸுக்கு மூன்று ஆம்பியர். பெரிய செட் வருகிற அன்றைக்கு அதன் கிளையில் பெரிய ஃபியூஸ் வரட்டும். தலைகீழாக மாட்டிவிட்டால் குறுக்கே நின்று ஃபியூஸை ஊதிவிடும் டயோடும் ஒவ்வொரு செட்டின் வாசலிலும் உண்டு. கனெக்டர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஹாம்கள் எல்லாம் பவர்போல் கனெக்டர் என்பார்கள், நல்ல சரக்குதான். ஆனால் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது. புயல் அடித்த மறுநாள் கூரியர் வராது. உள்ளூர்க் கடையில் எது கிடைக்குமோ அதையே எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி போட்டுக்கொண்டேன்.

கருகிய போர்டைச் சரி பண்ணி மறுபடி 12 வோல்ட்டிலேயே ஓட்டுகிறேன். ஏழு வாட் எனக்குப் போதும். அதற்குள் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகிற மைக்ரோ பிட்எக்ஸ் வந்தது, சில வருஷம் கழித்து அதையும் வாங்கினேன். பழைய போர்டை எவ்வளவு நீட்டினாலும் அது 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பிறந்தது, அதன் ஃபில்டர்கள் எல்லாம் அதற்கென்றே செய்தவை. வேறு பேண்டு வேண்டுமென்றால் வேறு போர்டு வாங்குவதுதான் மலிவு. புது போர்டு ஸ்டெபிலைசர் பெட்டியில் காலி இடத்தில் உட்கார்ந்தது. பவர் கிளை தயாராக இருந்தது. ஏரியல் கேபிள் அதேதான். மோர்ஸ் ஜாக்கும் போன வருஷம் வேலைக்கு வந்துவிட்டது, நிமிஷத்துக்கு ஆறு வார்த்தை வரை வந்திருக்கிறேன்.

நான் செய்ததிலேயே உருப்படியானது சுவரில் விட்ட குழாய்தான். ஏரியல் கேபிள் உள்ளே வர ஓட்டை போட வந்த கொத்தனார் முக்கால் அங்குல எலெக்ட்ரிக் குழாயோடு வந்தார். இரண்டு அங்குலம் வேண்டும் என்றேன். "இது கக்கூஸ் லைனுக்குப் போடறதுங்க தம்பி" என்றார். கேபிள் அதில் போகும், ஆனால் கேபிள் முனையில் இருக்கும் கனெக்டர் முக்கால் அங்குலக் குழாயில் சிக்கும் என்று காட்டியதும் ஒத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சாய்த்துப் பதித்தார். உள்ளே ஒரு நைலான் கயிறு போட்டு வைத்தோம். அடுத்த கேபிளைக் கட்டி இழுக்க, இழுக்கும்போதே இன்னொரு கயிறும் சேர்ந்து வர. குழாயின் வாயில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார் உருண்டை அடைத்திருக்கிறேன். முதல் வருஷம் அடைக்காமல் விட்டு, பல்லி செத்து ஒரு வாரம் அறைக்குள் உட்கார முடியவில்லை.

கேபிளை மட்டும் முன்கூட்டி வாங்கவில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆர்.ஜி. 58 மெல்லிய கேபிளே போதும், முப்பது மீட்டர் ஓடினாலும் பெரிதாக நஷ்டமில்லை. 145 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கேபிளில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். எங்கள் கரையில் கோடைச் சாயங்காலங்களில் பாக் ஜலசந்தி தாண்டி இலங்கை எஃப்.எம். நிலையங்கள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். அந்த நேரத்தில் இரண்டு மீட்டர் பேண்டில், அதாவது அந்த 145 மெகாஹெர்ட்ஸில், 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நிலையம் ஒன்றோடு பேச வேண்டும் என்பது ஆசை. அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். ஆனால் உப்புக்காற்றில் கேபிள் வாங்கி மடித்து வைத்தால் கனெக்டருக்குள் பச்சை பூக்கும். கயிறு இருக்கிறது, காசு வரும்போது கேபிள் வரட்டும். ஐப்பசி இடிக்கு முன்னால் கேபிளைக் கழற்றி வாசலுக்கு வெளியே போடுகிற பழக்கத்துக்கு மட்டும் எந்த அப்கிரேடும் கிடையாது.

இந்த வைகாசியில், யாரும் எதிர்பாராமல், மாடி எடுப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அக்கா திருப்பூரிலிருந்து திரும்பி வருகிறாள். பழைய கொத்தனாரின் மகன் வந்து மாடியில் ஏறி, சுத்தியலால் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. ஆறில் இரண்டுதான் தேறும், மற்றதை அறுத்துப் புதுக் கம்பி நட வேண்டும் என்றார். தேறிய இரண்டில் ஒன்று என் கம்பம் கட்டியிருந்தது. ஏரியல் கட்ட அவ்வப்போது பெயின்ட் அடித்து வைத்திருந்தேன்.

கம்பத்தைக் கழற்றிச் சாய்த்துவிட்டுக் கீழே வந்தோம். அறைச் சுவரில் குழாயைப் பார்த்து நின்றார்.

"இதே மாதிரி மேல ரூம்லயும் ஒண்ணு விடணுமாண்ணே?"

"ரெண்டு விடுங்க."

"எதுக்குண்ணே ரெண்டு?"

எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கயிறு போட மறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.